'செட்' இல்லாத காரை வாங்குங்க சார்!

யாராவது புதுசாகக் கார் வாங்கினால் ஊரில் மூன்று கேள்விகள் வரும். "எவ்ளோ ஆச்சு?" இது முதலாவது. "மைலேஜ் எவ்ளோ குடுக்குது?" இது இரண்டாவது. மூன்றாவது கேள்வி, கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டபடி வரும். "இன்னா சார், செட் இல்லியா?"

அந்த மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று சொல்ல வேண்டியவர் படும் பாடு இருக்கிறதே! ஏதோ ஸ்டியரிங் இல்லாத வண்டியை வாங்கி வந்துவிட்ட மாதிரி ஒரு பரிதாபப் பார்வை. "ஓ, மொட்டை மாடலா" என்று ஒரு இழுவை. டேஷ்போர்டு நடுவில் பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருக்கும் அந்தச் சதுரம், பல் விழுந்த வாய் மாதிரி எல்லோர் கண்ணையும் உறுத்தும்.

இந்தக் கட்டுரை அந்தப் பொக்கை வாய்க்கு வக்காலத்து வாங்குகிறது. பாட்டு செட் இல்லாத காரை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். கையைக் கடிக்கிற பட்ஜெட்டில் முதல் கார் வாங்கும் குடும்பம் அதைத்தான் வாங்க வேண்டும். அடிக்க வருவதற்கு முன்னால் தயவுசெய்து முழுசாகப் படித்துவிடுங்கள் :)

ஒரு வாத்தியார் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு திண்டிவனம், ஸ்கூல் விழுப்புரம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு நடைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். இத்தனை வருஷம் பஸ்ஸில் தொங்கி, பைக்கில் வெயில் குடித்து, இப்போதுதான் கார் வாங்க முடிவெடுத்திருக்கிறார். குடும்பத்தோடு ஷோரூம் போகிறார். விலை குறைந்த வேரியண்ட்டைப் பார்த்துவிட்டு, "இது போதும்ப்பா" என்கிறார். டை கட்டிய தம்பி லேசாக முகம் சுளிக்கிறார்.

"சார், இதுல செட் வராது. ஒரு அம்பதாயிரம் சேத்தா அடுத்த வேரியண்ட் வந்துடும். டச் ஸ்கிரீன், நாலு ஸ்பீக்கர். மாசம் ஆயிரம் ரூவாதான் சார் கூட வரும்."

பின்னாலிருந்து பிள்ளைகள், "அப்பா, ப்ளீஸ்ப்பா." வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் அந்த ஸ்கிரீனையே பார்க்கிறார். வாத்தியார் காலி.

கணக்கு வாத்தியாராக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு பேப்பரை எடுத்திருப்பார். 50,000 ரூபாய் கடன், 9.5 சதவீத வட்டி, ஐந்து வருஷம். மாதத் தவணை சுமார் 1,050 ரூபாய். 60 மாதத்தில் கட்டி முடிப்பது 63,000. இந்தத் தொகையில் ஒரு சின்னக் காருக்கு நாலு டயரும் மாற்றி, பேட்டரி மாற்றி, ஒரு வருஷ இன்சூரன்ஸும் கட்டினாலும் மிச்சம் இருக்கும். டயர் தேய்ந்துபோய் மழையில் வழுக்கும்போது நாலு ஸ்பீக்கரும் சேர்ந்து வண்டியைப் பிடித்து நிறுத்துமா?

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. வாங்குகிறவருக்குக் கிடைத்த நல்ல காசு அது. "வரி மிச்சமான பணம்தானே சார், அதுக்கு மேல் மாடல் எடுத்துடுங்க" என்று யாராவது சொன்னால், சொல்கிறவர் யார் கட்சி என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

சரி, காசு விஷயத்தை ஓரமாக வையுங்கள். இதில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

'மொட்டை மாடல்' என்ற வார்த்தை ஒரு காலத்தில் நியாயமான வசவாகத்தான் இருந்தது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களைச் சுவரில் மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அந்த அடிப்படை மாடல்கள் ஐந்தும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜியம் ஸ்டார் வாங்கின. போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்து மறுபடி சோதித்தபோது நாலு ஸ்டார் கிடைத்தது. அதாவது உயிர் காக்கும் சாமான் இருந்தது, ஆனால் காசு அதிகம் கொடுத்தவனுக்கு மட்டும் இருந்தது.

அடுத்த வருஷமே, 2015 செப்டம்பரில், ரெனோ க்விட் வந்தது. அந்த விலையில் யாரும் தராத 7 இஞ்ச் டச் ஸ்கிரீனைத் தந்து ஊரையே வாய் பிளக்க வைத்தது. டிரைவர் ஏர்பேக்? அது ஆக உயர்ந்த மாடலில், அதுவும் 'ஆப்ஷன்'. ஸ்கிரீன் வைத்த மாடலை வாங்கினாலும், கூடக் காசு கட்டினால்தான் நெஞ்சுக்குப் பாதுகாப்பு. 2016-இல் அதே குளோபல் என்கேப் சோதனையில் க்விட்டும் பூஜ்ஜியம் வாங்கியது.

யாரைத் திட்டுவது? கம்பெனியை மட்டும் திட்டினால் போதுமா? கம்பெனிக்காரன் கடை விரித்தான், வாங்கப் போனவர்கள் எதைக் கேட்டார்களோ அதை வைத்தான். "ஏர்பேக் இருக்கா?" என்று கேட்டவனைவிட "செட் இருக்கா?" என்று கேட்டவன் பத்து மடங்கு இருந்திருப்பான்.

அப்புறம் சட்டம்தான் வரவேண்டியிருந்தது. 2019-இல் ஏ.பி.எஸ். பிரேக், டிரைவர் ஏர்பேக், பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரம், வேகம் மீறினால் கத்தும் அலாரம், பின்பக்க பார்க்கிங் சென்சார் எல்லாம் கட்டாயமாயின. 2021 முடிவதற்குள் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது. 2025-இல் ஆல்ட்டோ கே10 காரின் எல்லா வேரியண்ட்டிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. விலை குறைந்த, செட் இல்லாத வேரியண்ட்டிலும் ஆறு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2015-இல் ஸ்கிரீன் உண்டு, ஏர்பேக் இல்லை. 2025-இல் ஏர்பேக் ஆறு உண்டு, ஸ்கிரீன் இல்லை. பத்து வருஷத்தில் கார் தலைகீழாக மாறிவிட்டது. ஊர் வாய் மட்டும் மாறவில்லை. அன்றைக்கு அந்த ஏர்பேக் இல்லாத ஸ்கிரீன் காரை "சூப்பர் மாடல்" என்றார்கள். இன்றைக்கு இந்த ஆறு ஏர்பேக் காரை "மொட்டை" என்கிறார்கள். மொட்டை எது என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம். ஒவ்வொன்றாக.

முதல் வாதம்: "பாட்டு இல்லாட்டி தூக்கம் வரும்."

எல்லோரும் சொல்வது இதைத்தான். ராத்திரி சென்னையிலிருந்து கிளம்பி, விடியற்காலை மூன்று மணிக்குத் திண்டிவனத்தைத் தாண்டுகிற டிரைவரைக் கேட்டால், "பாட்டுதான் சார் நம்மள முழிக்க வச்சிருக்குது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ரெய்னர், ஹார்ன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே சோதித்து 1998-இல் வெளியிட்டார்கள். தூக்கம் சொக்கும் ஆட்களைக் கார் ஓட்டும் சிமுலேட்டரில் உட்காரவைத்து, முகத்தில் குளிர்காற்று அடித்துப் பார்த்தார்கள், ரேடியோ போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான் என்று முடிவு வந்தது. உருப்படியாக வேலை செய்தது எது என்பதை அதற்கு முந்தின வருஷமே அவர்கள் சொல்லியிருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டி ஒரு காபி குடித்துவிட்டு, ஒரு கால் மணி நேரம் கண்ணை மூடுவது.

இதற்குச் செட் எதற்கு? விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் வண்டியை நிறுத்தினால் டீயும் காபியும் கிடைக்கும். பாட்டு போட்டுக்கொண்டு ஓட்டுகிறவன் ஆபத்தான ஒரு வேலை செய்கிறான். தூக்கம் வந்துவிட்டது என்ற தகவலைத் தன்னிடமிருந்தே மறைக்கிறான். செட் இல்லாத காரில் கொட்டாவி வந்தால் கொட்டாவி என்றே தெரியும். நிறுத்துவான்.

இரண்டாவது வாதம்: "பாட்டு கேட்டா என்ன சார், காதுதானே கேக்குது, கண்ணு ரோட்டுலதானே இருக்கு."

அந்த ரோட்டில் காதுக்கு என்ன வேலை இருக்கிறது என்று ஒருதரம் போய்ப் பார்க்கலாம். திண்டிவனத்தை விட்டால் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம். நாலு வழிச்சாலைதான், மறுக்கவில்லை. ஆனால் எதிர்த்திசையில் வரும் பைக்கும், நடுவில் குறுக்கே ஓடும் ஆடும் நாலு வழிச்சாலையைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவை சீசனில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரண்டாள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு, பின்னால் சிவப்பு விளக்கு இருந்தும் இல்லாமலும் ஊர்ந்து போகும்.

அதே முண்டியம்பாக்கத்தில்தான் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்த நெடுஞ்சாலையில் அடிபடுகிறவர்களை அங்கேதான் கொண்டு ஓடுகிறார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் அந்தப் பக்கத்தில் சாதாரணம். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, பாட்டை அலறவிட்டு வலது லேனில் மிதந்துகொண்டிருக்கும் காருக்கு அந்தச் சத்தம் எப்போது கேட்கும்? ஆம்புலன்ஸ் பின்னால் முட்டுகிற தூரத்துக்கு வந்து, கண்ணாடியில் சிவப்பும் நீலமும் மின்னும்போதுதான். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கிறது. அந்த அபராதத்தை விடுங்கள். ஆம்புலன்ஸுக்குள்ளே படுத்திருப்பவருக்கு அந்த அரை நிமிஷம் என்ன விலை?

காதுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கார் பேசும். திருப்பும்போது முன் சக்கரத்தில் 'டக் டக்' என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் தேய்கிறது. வேகம் கூடக் கூட 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கூடினால் வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது 'க்ரீச்' என்று கீச்சிட்டால் பேட் முடியப்போகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கத்தினால் பெல்ட். இவை எல்லாவற்றையும் மெக்கானிக் கண்டுபிடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஓட்டுகிறவர் காது கண்டுபிடித்துவிடும். செட் இல்லாத கார்க்காரர் நூற்றுக்கணக்கில் செலவழித்துத் தப்பிப்பார். செட் இருக்கும் கார்க்காரர் பாட்டு முடிந்த பிறகு ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்.

மூன்றாவது வாதம்: "செட்டுன்னா பாட்டு மட்டுமா சார்? மேப் வருது, போன் பேசலாம், எல்லாம் ஸ்கிரீன்ல வருது."

ஆமாம், வருகிறது. அதுதான் தொல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடும். அடுத்த பாட்டு எது என்று இரண்டு வினாடி ஸ்கிரீனைப் பார்த்தால் 44 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஸ்கிரீனைப் பார்க்கும் ஒரு பார்வை இரண்டு வினாடியைத் தாண்டக்கூடாது என்கிறது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் 2026 முதல், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்ற முக்கிய வேலைகளுக்கு ஸ்கிரீனை நம்பாமல் தனி பட்டனோ லீவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று மாறிவிட்டது. ஸ்கிரீனைக் கண்டுபிடித்த ஊர்க்காரர்களே பட்டனுக்குத் திரும்பிப் போகும்போது, திண்டிவனத்தார் தவணை கட்டி ஸ்கிரீன் வாங்க வேண்டுமா?

தவிர, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போக மேப் எதற்கு? நேரே போனால் வந்துவிடும்!

நாலாவது வாதம்: "விக்கும்போது விலை போகாது."

கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் வாங்கும்போது கொடுத்த 63,000 விற்கும்போது அப்படியே திரும்பி வருமா? ஏழெட்டு வருஷம் கழித்து அந்த ஸ்கிரீனை யார் மதிப்பார்கள்? கேசட் பிளேயர் வைத்த கார்களுக்கு என்ன ஆனது, சி.டி. சேஞ்சர் வைத்த கார்களுக்கு என்ன ஆனது என்று பழைய கார் விற்கிறவரைக் கேட்டால் சிரிப்பார். காரில் சீக்கிரம் கிழவனாவது என்ஜின் கிடையாது, பாட்டு செட்தான்.

ஐந்தாவது வாதம்தான் கொஞ்சம் மனசைத் தொடுவது: "குடும்பத்தோட போறோம். சந்தோஷமா நாலு பாட்டு கேக்கக்கூடாதா?"

கேட்கலாம். பாட்டை யாரும் தடை செய்யவில்லை. பாட்டு வேறு, செட் வேறு. வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கிறது, போன் முழுக்கப் பாட்டு இருக்கிறது. ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிப் பின்சீட்டில் இருப்பவர்களிடம் கொடுத்தால் போதும். டேஷ்போர்டு மேலே மட்டும் வைக்காதீர்கள். இடித்தால் கல் மாதிரி பறக்கும், ஏர்பேக் வெடிக்கும் இடத்தில் இருந்தால் இன்னும் மோசம். இதில் இன்னொரு லாபம், பாட்டு மாற்றும் அதிகாரம் டிரைவரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போய்விடும். டிரைவர் ஓட்டுவதை மட்டும் பார்ப்பார். கூட்டம் வந்தால், ஆம்புலன்ஸ் வந்தால், "நிறுத்துடா" என்று ஒரு வார்த்தை.

"வெளியில போட்டுக்கலாமே" என்று ஒரு கட்சி. போடலாம். விழுப்புரத்தில் இல்லாத கார் டெக்கர் கடையா? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போகிற ஆட்களும் உண்டு. போட்டால் ஒன்றே ஒன்று கவனிக்கவும். கம்பெனி கப்ளரில் சொருகிப் போடுகிறாரா, வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிறாரா? வயரை வெட்டினால் எலெக்ட்ரிகல் வாரண்டிக்குச் சிக்கல், ஒழுங்காகச் சுற்றாவிட்டால் ஷார்ட் சர்க்யூட். அவசரமே வேண்டாம். ஒரு வருஷம் செட் இல்லாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் போடலாம்.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வக்கீல் பேச்சாகிவிடும். கீழ் மாடலில் செட் மட்டும்தான் இல்லையா, வேறு ஏதாவதும் இல்லையா என்று லிஸ்ட்டைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பவர் ஸ்டியரிங், ஏ.சி., பின்சீட்டுக்குத் தலை சாய்க்கும் ஹெட்ரெஸ்ட், பின்கண்ணாடி வைப்பர். அப்பாவுக்குத் தோள்வலி என்றால் பவர் ஸ்டியரிங்குக்காக மேல் மாடலுக்குப் போவது நியாயம். சித்திரை வெயிலில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போக ஏ.சி.க்காகப் போவது நியாயம். கூடவே செட்டும் வந்தால் வரட்டும். செட்டுக்காகப் போவதுதான் அநியாயம். ஷோரூமில் இந்த இரண்டையும் வேண்டுமென்றே ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறார்கள். எதற்காக இந்தக் கூடுதல் காசு என்று ஒருதரம் வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். "மியூசிக் சிஸ்டம் சார்" என்பதுதான் முதல் பதிலாக வந்தால், கீழ் மாடலுக்கே திரும்பிவிடுங்கள்.

ஆக, அந்த வாத்தியாருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சார், ஏர்பேக் எத்தனை என்று கேளுங்கள். டயர் என்ன சைஸ் என்று கேளுங்கள். பின்சீட்டில் மூன்று பேருக்கும் பெல்ட் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். செட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். வண்டி எடுத்ததும் வழக்கம்போல மயிலம் முருகனிடம் கொண்டுபோய், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குங்கள். திரும்பி வரும்போது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டுங்கள். பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பையன் இரண்டு கிலோமீட்டர் தூரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான். மூன்றாவது கிலோமீட்டரில் பேச ஆரம்பிப்பான். ஸ்கூலில் யார் யாரை அடித்தான், எந்த மிஸ் நல்ல மிஸ், கணக்கில் எத்தனை மார்க் என்று அதுவரை வீட்டில் சொல்லாததெல்லாம் வரும்.

அந்தச் சத்தத்துக்கு ஐம்பதாயிரம் கட்ட வேண்டாம். வண்டியோடு சும்மா வருகிறது.

பி.கு: "செட் இல்லியா சார்?" என்று யாராவது கேட்டால், "ஏர்பேக் ஆறு இருக்கு, உங்க வண்டியில எத்தனை?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் அவர் மைலேஜ் பற்றி மட்டும்தான் பேசுவார்.